நடுப்புள்ளி தவறியதும் சரிசெய்ததும்: என் அனுபவம்

கோவை கணபதி பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் வேலை செய்கிறேன். போன மாதம் சாய்வாக நிற்கும் ஒரு கம்பிக்குச் சரியாக நடுவில் கிளாம்ப் வைக்க வேண்டியிருந்தது. மேசை மூலையிலிருந்து நீளம், அகலம், உயரம் என்ற மூன்று அச்சுகளில் அளந்தால் ஒரு முனை (40, 25, 10), மறுமுனை (120, 65, 50), எல்லாம் மி.மீ. கழித்துப் பாதியாக்கினேன், (40, 20, 20) வந்தது. அந்த இடத்தில் வைத்தால் கிளாம்ப் கம்பியைத் தொடவே இல்லை.

எனக்குக் குழப்பம் என்னவென்றால், இதே கணக்கு முந்தின வேலையில் சரியாக வந்தது. மூத்த அண்ணன் ஒருவர் பார்த்துவிட்டு, "கழிச்சது சரி கண்ணு, எங்கிருந்து கெளம்புனயோ அதோட கூட்டோணுமில்ல?" என்றார். அப்போதுதான் புரிந்தது, முந்தின வேலையில் ஒரு முனை மேசை மூலையிலேயே, அதாவது (0, 0, 0)இல் இருந்ததால் தப்பு வெளியே தெரியவில்லை.

இப்போது நேராகக் கூட்டி இரண்டால் வகுக்கிறேன், மூன்று அச்சுக்கும் தனித்தனியாக: (40+120)/2 = 80, (25+65)/2 = 45, (10+50)/2 = 30. ஒரு முனை மேசைக்குக் கீழே போனால் மைனஸை விடக்கூடாது. உயரம் -10உம் 50உம் என்றால் நடு 20, 30 அல்ல.

சரிபார்க்க தூரம் மட்டும் போதாது, இரு முனைக்கும் சமதூரத்தில் கம்பிக்கு வெளியேயும் எத்தனையோ புள்ளிகள் உண்டு. அதனால் நடுவிலிருந்து இரு பக்கமும் அச்சுவாரியாகக் கழித்துப் பார்க்கிறேன்: இங்கே இரண்டுமே 40, 20, 20. கிளாம்ப் கச்சிதமாக உட்கார்ந்தது.