கடற்பாசியை எப்போது அறுத்தால் கூழ் கெட்டியாக உறையும்?

காராஜீனன் என்னும் கூழ்ப்பொருளுக்காகக் கடலில் கயிறுகளில் கட்டி வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியை, நட்ட 30 நாளில் அறுத்தால் எடை தேறிவிடும், கூழ் தேறாது. இளம் பாசியில் காராஜீனனின் மூலக்கூறுச் சங்கிலி குட்டை; அதில் ஒட்டியிருக்கும் சல்பேட்டும் அதிகம். சங்கிலியின் சில இடங்களில் அந்தச் சல்பேட் இருந்தால் சங்கிலி கோணிக்கொள்ளும். இரண்டு இழை முறுக்கிக்கொண்டால்தான் கூழ், கோணிய இழை முறுக்காது. பாசி முதிரும்போது அதன் நொதியே அந்தச் சல்பேட்டை நீக்குகிறது. ஆகவே 45 நாளாவது விடுங்கள்; வளர்ச்சி மந்தமான பருவத்தில் 60 வரை போகலாம்.

நாட்காட்டியை மட்டும் நம்பாதீர்கள். 40-ஆம் நாளில் வெவ்வேறு கயிறுகளிலிருந்து ஒரு பிடி பறித்துக் காயவையுங்கள். உப்பும் மணலும் போகக் கழுவி, மறுபடி உலர்த்தி, 5 கிராம் எடுத்து 250 மி.லி. தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். வற்றுகிற தண்ணீரைச் சுடுநீரால் ஈடுகட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பீடே தவறிவிடும். சூடாக வடிகட்டி, அரை கிராம் பொட்டாசியம் குளோரைடு கலந்து, ஒரே அளவுக் கிண்ணத்தில் இரவு முழுக்க ஆறவையுங்கள். விரலால் அழுத்தினால் நொறுங்கிக் கசிவது இளசு. எதிர்த்து நின்று பிறகு பட்டென்று உடைவது தயார். ஐந்து நாளுக்கு ஒருமுறை இதையே செய்து பாருங்கள்.

கிளை நுனி வெளுத்துக் கொழகொழத்தால் அது ஐஸ்-ஐஸ் என்னும் நோய். வெப்பமோ மழைநீரோ பாசியை வாட்டும்போது வரும். அங்கே சங்கிலி உடைந்துபோவதால் காத்திருப்பதில் பயனில்லை. உடனே அறுத்து வெள்ளைப் பகுதியைத் தனியே கழித்துவிடுங்கள்.

அகார் என்னும் இன்னொரு கூழ்ப்பொருளைத் தரும் கஞ்சிப்பாசிக்கும் முதிர்ச்சி தேவைதான். ஆனால் மிஞ்சிய சல்பேட்டைக் காரக் கரைசலில் (alkali) வேகவைத்து ஓரளவு சரிசெய்யலாம். அறுத்தபின் ஈரமாகக் குவித்துவைத்தால் நொதியும் பாக்டீரியாவும் அகாரைத் தின்றுவிடும். அந்தச் சேதத்தை எந்தக் காரமும் மீட்காது. 20 சதவீத ஈரத்துக்குக் கீழே உலர்த்துங்கள். கப்பாபைகஸுக்கு 35 சதவீதம் போதும். காய்கிற பாசி மழையில் நனைந்தால் காராஜீனனும் கரைந்து வடியும். எனவே தொடர்ந்து மூன்று நாள் வெயில் உறுதியானால் மட்டும் அறுவடையில் இறங்குங்கள்.

அறுக்கும்போதே இளம் நுனிகளை 100 முதல் 150 கிராம் கொத்துகளாக விதைக்கு ஒதுக்குங்கள். கூழுக்கு முதிர்ந்த அடித்தண்டுதான் போக வேண்டும்.