செம்பாறைப் படத்தில் சிவப்பு கெடாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய், அப்படியே யூட்டா பாலைவனத்தையும் சுற்றிவருகிற காரைக்குடிக்காரர்கள் இப்போது நிறையப் பேர். அவர்கள் காட்டும் படங்களில் மணற்பாறை எல்லாம் தக்காளித் தொக்கு மாதிரி இருக்கிறது. கிளம்புவதற்கு முன் நம் பக்கத்துச் செம்புறாங்கல் மேட்டில் பழகிக்கொள்ளுங்கள். அதற்கும் இரும்பு ஆக்சைடுதான் சிவப்பு தருகிறது. திருமயம் பாறை சாம்பல் நிறம், இதற்கு உதவாது.

ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு), ட்ரைபாட், லென்ஸ் துளை எஃப்/8 அல்லது எஃப்/11. காலை வெயில் சாய்வாக விழும்போது எடுங்கள். இதெல்லாம் தெரிந்ததுதான்.

சிக்கல் ஹிஸ்டோகிராமில் இருக்கிறது. படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று இடமிருந்து வலமாகக் கேமரா காட்டும் வரைபடம் அது. வெள்ளை நிறத்தில் வரும் ஒற்றை வரைபடம் ‘எல்லாம் சரி’ என்று சொல்லும். ஆனால் அதே படத்தில் சிவப்பு சானல் மட்டும் வலது ஓரத்தில் முட்டி நிற்கும். அப்படி முட்டிய இடத்தில் பாறையின் வரிகள் அழிந்து ஒரே பூச்சாகிவிடும். அதனால் மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை வையுங்கள். சிவப்பு முட்டினால் எக்ஸ்போஷரை மைனஸ் 0.7 வரை இறக்கிப் பாருங்கள். கேமரா காட்டும் வரைபடம் ரா ஃபைலை வைத்து அல்ல, கேமராவே பதப்படுத்திய ஜேபெக் படத்தை வைத்துப் போடுவது. பிக்சர் ஸ்டைலை ‘நியூட்ரல்’ ஆக்கினால் ரா ஃபைலுக்குக் கொஞ்சம் நெருங்கி வரும். வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தைச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸில் ஆட்டோ வேண்டாம், சிவப்பை வெளுக்க வைத்துவிடும். டேலைட் போதும்.

அப்புறம், காலடி. யூட்டாவில் கறுப்பாக, முண்டும் முடிச்சுமாகத் தெரியும் மண் உயிருள்ளது. சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர், லைக்கன் (கல்பாசி வகை), பாசி எல்லாம் சேர்ந்து கட்டிய மேலோடு அது. ஒரு மிதியில் நொறுங்கும், மீண்டு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். ட்ரைபாட் காலைக்கூட அதில் ஊன்றாதீர்கள். வெறும் பாறையிலோ ஓடை மணலிலோ நடங்கள். மழை பெய்திருந்தால் மணற்பாறையில் ஏறவே வேண்டாம், ஈரத்தில் அதற்கு வலு குறைந்துவிடும்.

எடிட்டிங்குக்கு என் ஓட்டு டார்க்டேபிள் மென்பொருளுக்கு. இலவசம், மாதச் சந்தா தொல்லை இல்லை. முதலில் ஹைலைட்டைக் குறையுங்கள், பிறகு லோக்கல் கான்ட்ராஸ்ட் கொஞ்சம். சாச்சுரேஷனைத் தொடாதீர்கள். நிறம் போதவில்லை என்றால் ஆரஞ்சின் பிரகாசத்தை மட்டும் சற்று இறக்குங்கள். நிழலில் தெரியும் நீலம் வானத்திலிருந்து வருவது, அதைத் துடைத்தால் பாறை தட்டையாகிவிடும்.

செல்போனில் எப்படி என்று சிலர் கேட்டிருந்தார்கள். ப்ரோ மோடில் ரா இருந்தால் இதே முறைதான். இல்லையென்றால் பாறையின் வெளிச்சமான பகுதியைத் தொட்டு, பிரகாசத்தை இறக்கிவிட்டு எடுங்கள்.