வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் ஆகிவிட்டதா?

சம்பா அறுப்பு முடிந்ததும் எங்கள் மன்னார்குடி பக்கத்துப் பையன்களில் பாதிப் பேர் திருப்பூருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். நானும் அப்படித்தான் போனேன், அந்த அலைச்சலில் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் நினைவிலேயே இல்லை, ஆறு வருஷ சீனியாரிட்டி போய்விட்டது. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது, பதிந்து ஐந்து வருஷமானவர்களுக்குக் கிடைக்கும் உதவித்தொகையும் கைவிட்டுப் போகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் பதிவு அட்டையை எடுத்துப் பாருங்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், உரிய மாதத்துக்குப் பிறகு இரண்டு மாதம் சலுகை உண்டு, அலுவலகத்துக்குப் போகாமல் இணையத்திலேயே முடித்துவிடலாம். விட்டுப்போனவர்களுக்கு அரசு அவ்வப்போது சிறப்புச் சலுகை அறிவிக்கும், ஆனால் அது எப்போது வரும் என்று காத்திருக்காதீர்கள்.

சரி, பதிவு உயிரோடு இருக்கிறது, ஐந்து வருஷமாகியும் வேலை இல்லை. அப்படியானால் வேலையில்லாதவர்களுக்குத் தமிழக அரசு தரும் உதவித்தொகைக்கு எழுதிப் போடுங்கள். பத்தாம் வகுப்பு தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் ஏறும், மூன்று வருஷம் வரை கிடைக்கும். பட்டதாரிக்கு மொத்தம் 21,600 ரூபாய். இந்தத் தொகையை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது, கூட்டித் தர வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஆனாலும் பரீட்சைக் கட்டணம், பஸ் செலவு, புத்தகம் என்று வீட்டில் கை நீட்டாமல் சமாளிக்க உதவும்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வயது 40-க்கு மிகக் கூடாது, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 45 வரை. கல்லூரிக்கு நேரில் போய்ப் படிப்பவர்களுக்குக் கிடையாது, அஞ்சல் வழியில் படிப்பவர்களுக்கு உண்டு. பொறியியல், மருத்துவம், விவசாயம் மாதிரி தொழிற்படிப்புப் பட்டதாரிகள் வாங்க முடியாது. மாற்றுத்திறனாளிகள் பதிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தாலே போதும், மாதம் 600 முதல் 1,000 ரூபாய் வரை பத்து வருஷத்துக்குக் கிடைக்கும்.

படிவம் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இலவசமாகத் தருவார்கள். வருவாய்த் துறை கையெழுத்துக்குத்தான் நடக்க வேண்டியிருக்கும், ஆகவே குறுவை நடவு, கொள்முதல் என்று எல்லாரும் அலையும் நாட்களைத் தவிர்த்துவிட்டு முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். அப்புறம், பணம் வாங்கினால் பதிவை ரத்து செய்துவிடுவார்கள் என்று ஊரில் ஒரு பயம் உலவுகிறது. அது தவறு, பதிவு அப்படியே இருக்கும். இந்தப் பயத்தால் உரிமையை விட்டவர்களை எனக்கே தெரியும், அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போன கையோடு அங்கேயே நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்திலும் பெயர் கொடுங்கள். டிஎன்பிஎஸ்சி மாதிரித் தேர்வுகளுக்கு இலவசமாகப் பாடம் எடுப்பார்கள், குரூப் 4 எழுதப் பத்தாம் வகுப்பு போதும்.

பரீட்சை ஒத்துவராது என்றால் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தை விசாரியுங்கள். தையல், செல்போன் பழுது பார்ப்பது, ஆடு மாடு வளர்ப்பு மாதிரிப் பயிற்சிகள் சாப்பாட்டோடு இலவசம். முடித்ததும் கையில் வரும் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள், மாவட்டத் தொழில் மையத்தில் மானியக் கடன் கேட்கப் போகும்போது அதையும் எடுத்துப் போங்கள்.