சிங்க் வாங்கப் போனால் கேஜை விடுங்கள், மில்லிமீட்டரைக் கேளுங்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் 26 வருஷம் எவர்சில்வர் ஷீட் வளைத்தவன் நான். ஓட்டல் மேஜை, மெஸ் சிங்க், கல்யாண மண்டபத்துக் கை கழுவும் தொட்டி எல்லாம் பட்டறையில் செய்து கொடுத்திருக்கிறேன். போன மாதம் வேளச்சேரி ஃபிளாட்டுக்கு சிங்க் வாங்க என் மகளோடு சைடன்ஹாம்ஸ் ரோடு போனேன். கீழே கழிவு அரைக்கும் மெஷினும் மாட்ட வேண்டும் என்றாள். கடையில் இரண்டு சிங்க் எடுத்து வைத்தார்கள்.

"அப்பா, இது 16 கேஜாம், அது 20 கேஜாம். 20தானே கெட்டி?"

"இல்லம்மா, எண் ஏற ஏறத் தகடு மெலியும்."

கேஜ் என்பது தகட்டின் கனத்தைச் சொல்லும் எண். இந்தக் கணக்கு கம்பி இழுக்கிற தொழிலிலிருந்து வந்தது. அச்சில் எத்தனை தடவை இழுத்தார்களோ அத்தனை கேஜ். அதிகம் இழுத்தால் கம்பி மெலியும் இல்லையா, அதேதான். தகட்டில் 16 கேஜ் சுமார் 1.5 மிமீ, 18 கேஜ் 1.2, 20 கேஜ் 0.9, 22 கேஜ் 0.8. கேஜ் அட்டவணைக்கு அட்டவணை கொஞ்சம் மாறும், மில்லிமீட்டர் மாறாது. அதனால் பில்லில் மில்லிமீட்டரை எழுதச் சொல்லுங்கள்.

எழுதினால் மட்டும் போதாது, அளக்கவும் வேண்டும். எங்கே அளப்பது என்பதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். மேல் ஓரத்தைப் பல சிங்க்கில் உள்ளே மடித்திருப்பார்கள். அங்கே வெர்னியர் (கனம் அளக்கும் கருவி) வைத்தால் இரண்டு தகட்டின் கனம் சேர்ந்து காட்டும். தண்ணீர் இறங்கும் ஓட்டையின் விளிம்பில் வையுங்கள். பிரஸ்ஸில் அழுத்திச் செய்த சிங்க் என்றால் தகடு இழுபட்டு அடியிலும் மூலையிலும் மெலிந்திருக்கும். அன்று '20 கேஜ்' ஸ்டிக்கர் ஒட்டிய சிங்க்கில் ஓட்டை விளிம்பு 0.7 காட்டியது. அடியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன், 'டொக்' என்று உள்ளே போய்த் திரும்ப வந்தது. என் மகள் முகம் மாறிவிட்டது. ஷீட்டை வெட்டி, மடித்து, ஆர்கான் வெல்டிங் வைத்துச் செய்கிற ஹேண்ட்மேட் சிங்க்கில் இப்படி மெலியாது.

வெர்னியர் இல்லையா? தராசில் வையுங்கள். 1 மிமீ தகடு ஒரு சதுர அடி சுமார் 740 கிராம். 24-க்கு 18 இன்ச், ஆழம் 9 என்றால் ஹேண்ட்மேட் சிங்க்குக்கு ஏழரை சதுர அடி ஷீட் பிடிக்கும். அப்படியானால் 1 மிமீயில் ஐந்தரை கிலோ வர வேண்டும். நாலு கிலோ காட்டினால் தகடு 1 மிமீ கிடையாது. அடியில் ஒட்டிய ரப்பர் பேடும் பெயின்ட்டும் சத்தத்தை அடக்கத்தான். அதன் கனத்தைத் தகட்டின் கனமாக எண்ண வேண்டாம்.

மெஷின் மாட்டும் வீட்டுக்கு நான் 1.2 மிமீக்குக் கீழே இறங்க மாட்டேன். ஐந்து முதல் எட்டு கிலோ மெஷின் அந்த ஓட்டையின் விளிம்பில்தான் தொங்குகிறது. ஓடும்போதெல்லாம் அதிர்கிறது. மெல்லிய தகடு கூடவே ஆடும், மெஷினைப் பிடித்திருக்கும் வளையம் தளரும், கொஞ்ச நாளில் அலமாரிக்குள் தண்ணீர் சொட்டும். ஓட்டை 90 மிமீ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலான மெஷினுக்கு அதுதான் அளவு. ஃபிளாட் என்றால் கழிவுநீர்க் குழாயில் அரைத்த கழிவு விடலாமா என்று அசோசியேஷனிலும் கேட்டுவிடுங்கள். வாழைத்தண்டு நார், முருங்கைச் சக்கை, தேங்காய் நார் எதையும் மெஷினில் போடக் கூடாது, சுற்றிக்கொள்ளும். அரைக்கும்போது பச்சைத் தண்ணீரைத் திறந்து வையுங்கள். வெந்நீர் விட்டால் எண்ணெய்ப் பிசுக்கு உருகி, குழாயில் போய் உறையும்.

கனம் சரி, தகடு என்ன ரகம்? என்னைக் கேட்டால் சென்னைக்கு இதுதான் பெரிய கேள்வி. போர் தண்ணீரில் உப்பு, பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் காற்றிலும் உப்பு. 304 ரகத்தில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். 202-ல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள், உப்புத் தண்ணீரில் சீக்கிரம் புள்ளி விழும். 1.2 மிமீ 202-ஐயும் 1 மிமீ 304-ஐயும் ஒரே விலைக்குக் கொடுத்தால், மெஷின் வைக்காத வீட்டுக்கு இரண்டாவதையே எடுப்பேன். காந்தம் வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள். 304, 202 இரண்டிலுமே காந்தம் சரியாக ஒட்டாது, அழுத்தி வளைத்த மூலையில் 304 கூட லேசாக இழுக்கும். எவர்சில்வர் ரகம் பார்க்கும் டெஸ்ட் கிட் வாங்கி, பின்பக்கம் பேடு இல்லாத இடத்தில் அதிலுள்ள திரவத்தை ஒரு சொட்டு விட்டு பேட்டரி முனையை வையுங்கள். 202 என்றால் சொட்டு சிவக்கும். சொட்டு வைக்கவே விடாத கடையில் நான் வாங்குவதில்லை.

அன்று மூன்றாவது கடையில் 1.2 மிமீ, 304, ஹேண்ட்மேட் கிடைத்தது. ஓட்டை விளிம்பில் வெர்னியர் 1.18 காட்டியது. வாங்கிவிட்டோம். மாட்டிய அன்றே மகளிடம் இரண்டு விஷயம் சொன்னேன்: இரும்பு தோசைக்கல்லை ராத்திரி முழுக்க அதில் ஊறப்போடாதே, துரு இறங்கும். அப்புறம், பாத்ரூம் ஆசிட் பாட்டிலை அந்த சிங்க்குக்குக் கீழே வைக்காதே, மூடி சரியாக மூடாவிட்டால் அந்த ஆவியே எவர்சில்வரை அரித்துவிடும்.