மின்னதிர்வு சிகிச்சையில் நினைவிழப்பைக் குறைப்பது எப்படி?

கடும் மனச்சோர்வில் உணவைக்கூட மறுத்துக் கிடப்பவரை விரைவில் மீட்கவல்லது, தலையில் மின்சாரம் செலுத்திச் சிறு வலிப்பைத் தூண்டும் ஈ.சி.டி. எனப்படும் மின்னதிர்வு சிகிச்சை. ‘கரண்ட் வைப்பார்கள்’ என்ற அச்சத்தாலேயே பல குடும்பங்கள் அதை மறுத்துவிடுகின்றன. மயக்க மருந்தும் தசைத் தளர்ப்பு மருந்தும் இன்றி இச்சிகிச்சை அளிப்பதை 2017ஆம் ஆண்டின் இந்திய மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்திருப்பதால், வலிப்பில் எலும்பு முறியும் என்ற பழைய கவலைக்கு இன்று பெரிதும் இடமில்லை. நினைவிழப்பு பற்றிய கவலையோ நியாயமானது.

ஒப்புதல் தருவதற்கு முன்பே, மின்முனைகளை எங்கே வைப்பார்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரு நெற்றிப்பொட்டுகளிலும் வைப்பதைவிட வலப்பக்கத்தில் மட்டும் வைப்பது நினைவாற்றலைக் குறைவாகவே பாதிக்கிறது. ஆனால் அதற்கு, வலிப்பைத் தூண்டத் தேவையான குறைந்தபட்ச மின்னளவைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு தர வேண்டும். அந்தக் குறைந்தபட்ச அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடுவதால், முதல் அமர்விலேயே அதை அளந்தறிவது நல்லது. மின்துடிப்பு 0.3 மில்லிநொடி அளவுக்குக் குறுகியதாக இருந்தால் பாதிப்பு இன்னும் குறையும், எனினும் கூடுதல் அமர்வுகள் தேவைப்படலாம். உயிருக்கே ஆபத்தான நிலையில் விரைவாகப் பலன் தரும் இருபக்க முறையை ஏற்பதும், அவசரமில்லாத நிலையில் வலப்பக்க முறையில் தொடங்குவதுமே சரியென்று நான் கருதுகிறேன். சிகிச்சைக்குப் பின் நோயாளிக்குக் குழப்பம் மிகுந்தால், வாரத்தில் மூன்று அமர்வுகளை இரண்டாகக் குறைக்க முடியுமா என்றும் கேட்கலாம்.

உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். மனநிலையைச் சீராக்கத் தரப்படும் லித்தியம், மின்னதிர்வு சிகிச்சைக்குப் பின் வரும் குழப்பத்தைக் கூட்டக்கூடும். லோராசெபாம் போன்ற பதற்றம் தணிக்கும் மருந்துகளும் வலிப்புத் தடுப்பு மருந்துகளும் வலிப்பு உண்டாவதைக் கடினமாக்குவதால் மின்னளவை உயர்த்த நேரிடலாம். ஆயினும் எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சிகிச்சைக்குப் பின் வரும் தலைவலிக்கும் உடல்வலிக்கும் பெரும்பாலும் பாராசிட்டமாலே போதும்.

சிகிச்சைக்கு முன்பு ஒரு நினைவாற்றல் சோதனை செய்துவைத்தால்தான் பிறகு ஒப்பிட இயலும், ஏனெனில் மனச்சோர்வே நினைவை மங்கச் செய்வது. புதியவற்றை நினைவில் கொள்ளும் திறன் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் திரும்பிவிடும். சிகிச்சையை ஒட்டிய மாதங்களின் நிகழ்வுகள் சிலருக்குத் திரும்பாமலே போவதும் உண்டு. ஆகவே வங்கிக் கணக்கு விவரம், தரவேண்டிய கடன், பிள்ளைகளின் தேர்வு நாள் ஆகியவற்றை முன்னரே ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். சிகிச்சை முடியும்வரை வாகனம் ஓட்டுவதையும் பத்திரங்களில் கையெழுத்திடுவதையும் தவிர்க்கச் செய்யுங்கள். மயக்கம் தெளியும்போது பழகிய முகம் ஒன்று அருகிலிருந்து, அன்றைய கிழமையையும் இருக்கும் இடத்தையும் நிதானமாகச் சொல்லட்டும்.