வேறு நிறத்தில் பூத்த ஓர்க்கிட்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

கத்தரிப்பூ நிறம் என்று வாங்கி வந்த டென்ட்ரோபியம் சோனியா என்ற ஓர்க்கிட், ஒரு காலை பால்வெள்ளையாக, ஓரத்தில் மட்டும் மெல்லிய ஊதாவோடு விரிந்து நின்றால் யாருக்குத்தான் மனம் துள்ளாது? ஆனால் அந்த முதல் வாரத்தில்தான் பலர் செடியைக் கெடுத்துவிடுகிறார்கள்.

பெரிய தவறு, ஒரு முறை வந்த பூங்கதிரை மட்டும் நம்புவது. யாழ்ப்பாணத்தில் சித்திரை வெயிலில் விரியும் பூவும் மார்கழியில் விரியும் பூவும் ஒரே செடியிலேயே ஒரே நிறமாக இருப்பதில்லை. ஊதாவைத் தரும் அந்தோசயனின் என்ற நிறமி வெக்கையில் குறைவாகத்தான் உண்டாகும். எங்கள் கிணற்றடியில் தகரக் கூரையின் கீழே தொங்கிய சோனியா ஒரு சித்திரையில் வெளிறிப் பூத்தது. புது நிறம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். தைப்பொங்கலுக்கு அதே செடி பழைய அடர் ஊதாவில் பூத்தது. குறைந்தது மூன்று முறை, வெவ்வேறு பருவங்களில் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

அடுத்தது நோயை அழகென்று எண்ணுவது. சிம்பிடியம் மொசைக் போன்ற வைரஸ்கள் இதழில் நிறத்தைத் திட்டுத்திட்டாக உடைத்துவிடும். பூவுக்குப் பூ கோடுகள் மாறியிருந்தால், ஓரம் சுருங்கியிருந்தால், இலையிலும் வெளிறிய கீற்றோ குழிந்த கரும்புள்ளியோ தெரிந்தால் சந்தேகப்படுங்கள். உண்மையான நிற மாற்றம் பெரும்பாலும் எல்லாப் பூவிலும் ஒரே ஒழுங்கில் வரும். வைரஸ் வந்த செடிக்கு மருந்து இல்லை. அதை வெட்டிய கத்தியாலேயே பக்கத்துச் செடியை வெட்டினால் அதற்கும் ஏறும். ஒவ்வொரு செடிக்கும் முன் கத்தியை நெருப்பில் நன்றாகக் காட்டுங்கள். சோம்பல் வேண்டாம்.

சரி, நிறம் நிலைத்துவிட்டது. உடனே புதுப் பெயர் வைத்து, புதுக் கலப்பினம் என்று சொல்லக்கூடாது. சீசர், டொமி டிரேக் என்ற இரண்டு ஓர்க்கிட்டுகளையும் கலந்து வந்த பிள்ளைகள் எல்லாமே சோனியாதான், எந்த நிறமானாலும். ஓர்க்கிட் கலப்பினங்களைப் பதியும் பொறுப்பு 1961 முதல் பிரித்தானியாவின் ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டியிடம் இருக்கிறது. அங்கே பதிவாவது பெற்றோரை வைத்து; நிறத்தை வைத்து அல்ல. தனிச் செடிக்குரிய பெயர் சோனியாவுக்குப் பின்னால் ஒற்றை மேற்கோளுக்குள் வரும். திசு வளர்ப்பில் ஆயிரக்கணக்கில் பெருக்கும்போது இடையிடையே நிறம் மாறிய கன்றுகள் வருவது தெரிந்த விஷயம். உங்களுடையதைப்போல ஒன்றுக்கு வேறு யாராவது ஏற்கெனவே பெயர் வைத்திருக்கலாம்.

விதை எடுத்துப் பெருக்க நினைக்க வேண்டாம். தூசி போன்ற அந்த விதை ஆய்வுகூடப் போத்தலில்தான் ஒழுங்காக முளைக்கும்; முளைத்தாலும் தாயின் நிறமே வரும் என்று சொல்ல முடியாது. பக்கக் கன்றின் வேர் இரண்டு அங்குலம் நீளும் வரை பொறுத்து, பிறகு பிரித்து, கரியும் தேங்காய்ப் பொச்சும் போட்ட சட்டியில் வையுங்கள்.

படம் எடுக்கும்போது பூவருகே ஒரு வெள்ளைத்தாளைப் பிடியுங்கள். கைத்தொலைபேசி ஊதாவை நீலமாக்கிக் காட்டும்.

அப்புறம் ஒன்று. சில வேளை நிறம் மாறுவது ஒரே ஒரு தண்டில்தான். மற்றத் தண்டில் வந்த கன்றைப் பிரித்தால் பழைய ஊதாவே பூக்கும். பூ உதிர்ந்த பின் எல்லாத் தண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆகவே பூ நிற்கும்போதே அந்தத் தண்டில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி, திகதியை எழுதித் தொங்கவிடுங்கள்.