ஆமைக்கு உங்கள் மீது நம்பிக்கை வர: புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஒரு செய்முறை

லெப்பர்ட் கெக்கோ என்ற புள்ளிப் பல்லியை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, நமக்கும் ஒன்று வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பது இப்போது சகஜம். சிங்கப்பூரில் அதைச் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதி இல்லை. டெலிகிராமில் யாராவது விற்றாலும் வாங்காதீர்கள். அவை பெரும்பாலும் கடத்தி வரப்பட்டவை. பெட்டிக்குள் மூச்சுத் திணறி, தண்ணீர்கூட இல்லாமல் வந்து சேர்பவை.

ஊர்வன மீது உண்மையிலேயே ஆசை என்றால் செங்காது ஆமை இருக்கிறது. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு ஓடும் அந்தப் பச்சை ஆமையை இங்கே சட்டப்படி வளர்க்கலாம். செராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கம் உள்ள மீன் கடைகளில் பார்த்திருப்பீர்கள். கடையில் இருக்கும்போது ஓடு 3 சென்டிமீட்டர்தான் இருக்கும். பெண் ஆமை வளர்ந்தால் 25 சென்டிமீட்டரைத் தாண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 30 ஆண்டு வரைகூட வாழும். தொடக்கப்பள்ளியில் படிக்கும் மகனுக்காக வாங்கினால், அவனுக்குக் கல்யாணம் ஆன பிறகும் அது வீட்டில் இருக்கும். இதை வீட்டில் எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகு வாங்குங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். ஆமை நாய்க்குட்டி மாதிரி மடியில் வந்து படுக்காது. நீங்கள் அருகில் வரும்போது பயந்து தண்ணீருக்குள் பாயாமல் இருப்பதும், தானாக உங்களை நோக்கி நீந்தி வருவதும்தான் அதன் நம்பிக்கை. அதைத் தூக்கித் தூக்கிப் பழக்க முடியாது. தூக்காமல் இருந்துதான் பழக்க வேண்டும்.

படி 1: பயமில்லாத இடம்

பிளாஸ்டிக் தென்னைமரம் நட்ட சின்ன டப்பாவில் இருக்கும் ஆமைக்கு யார் மீதும் நம்பிக்கை வராது. ஒளிய இடமில்லை, நீந்த ஆழமில்லை. ஓட்டின் நீளம் ஒரு அங்குலத்துக்கு ஏறக்குறைய 40 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைத்துத் தொட்டி வாங்குங்கள். நல்ல ஃபில்டர் போடுங்கள். ஆமை முழு உடம்போடு ஏறி நன்றாக உலரக்கூடிய மேடை ஒன்று கட்டாயம் வேண்டும். மேடையின் மேல் சூடு தரும் விளக்கும், யூவிபி என்ற புற ஊதாக் கதிர் தரும் விளக்கும் இருக்கட்டும். சன்னல் வெயில் போதும் என்று நினைக்காதீர்கள், யூவிபி கதிர்கள் கண்ணாடியைத் தாண்டி வருவதில்லை. அதற்காகத் தாழ்வாரத்தில் நேர் வெயிலில் சின்னத் தொட்டியை வைத்துவிடவும் கூடாது. தண்ணீர் வேகமாகச் சூடாகி ஆமை செத்துப்போகும்.

நம் ஊர் வெப்பத்துக்குத் தண்ணீரைத் தனியாகச் சூடாக்கத் தேவையில்லை. ஆனால் இரவு முழுக்க ஏர்கான் ஓடும் அறை என்றால் ஹீட்டர் வேண்டும்.

தொட்டியைத் தரையில் வைக்காமல் மேசை உயரத்தில் வையுங்கள். இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். இயற்கையில் குட்டி ஆமையைப் பறவைகள் மேலிருந்துதான் கொத்திச் செல்லும். அதனால் தலைக்கு மேலே எது அசைந்தாலும் அது ஆபத்துதான். மேசை உயரத்தில் இருந்தால் உங்கள் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்துப் பழகும். டிவி, ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டாம், அதிர்வு தண்ணீர் வழியாக நன்றாகவே தெரியும்.

படி 2: முதல் ஒரு வாரம் கையை உள்ளே விடாதீர்கள்

வீட்டுக்கு வந்த புதிதில் சாப்பிடாமல் இருக்கலாம், மூலையில் ஒளியலாம். பரவாயில்லை. உணவு போடுங்கள், சிறிது நேரம் கழித்து மிச்சத்தை எடுங்கள், அப்புறம் தொட்டியிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். வீட்டுக்கு வரும் உறவினர்கள் கண்ணாடியைத் தட்டிப் பார்ப்பார்கள். மெதுவாகச் சொல்லி நிறுத்துங்கள்.

படி 3: ஒரே நேரம், ஒரே இடம், ஒரே ஆள்

நம்பிக்கை வளர்வது உணவு வழியாகத்தான். தினமும் ஒரே நேரத்தில், தொட்டியின் ஒரே மூலைக்கு, முடிந்தால் ஒரே ஆள் போய் நில்லுங்கள். மேலிருந்து திடீரென்று கை நீட்டாமல், முதலில் கண்ணாடிக்கு முன்னால் முகத்தைக் காட்டுங்கள். சற்று நேரம் அசையாமல் நின்றுவிட்டு உணவைப் போடுங்கள். நீங்கள் வந்தால் சாப்பாடு வரும் என்பதை ஆமை சீக்கிரமே கற்றுக்கொள்ளும். சில வாரங்களில் உங்களைக் கண்டதும் கண்ணாடியோரம் வந்து கால்களை அடித்து நீந்தும்.

அந்த முகத்தைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் போடலாமே என்று தோன்றும். போடாதீர்கள். ஆமை எப்போதும் பசிப்பது போலத்தான் காட்டும். அதன் தலை அளவு பெல்லட் (கடையில் விற்கும் ஆமை உணவு உருண்டை) ஒரு வேளைக்குப் போதும். குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள். வளர வளரக் கீரை வகைகளைக் கூட்டுங்கள். தேக்கா சந்தையில் வாங்கும் கங்கோங், ரொமேன் லெட்டூஸ் எல்லாம் சாப்பிடும். சோறு, ரொட்டி வேண்டாம். உணவு தண்ணீருக்குள்தான் இருக்க வேண்டும், இந்த ஆமையால் உலர்ந்த இடத்தில் விழுங்க முடியாது.

படி 4: இடுக்கியால் ஊட்டுங்கள்

தயங்காமல் அருகில் வரத் தொடங்கியதும், நுனி மழுங்கிய நீளமான இடுக்கியில் ஒரு கீரைத் துண்டைப் பிடித்து, ஆமையின் முகத்துக்கு முன்னால், தண்ணீருக்குள் நீட்டுங்கள். துரத்திக்கொண்டு போகாதீர்கள், அதுவே வரட்டும். விரலால் ஊட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விரல் என்றாலே உணவு என்று ஆமை பழகிவிட்டால் பிறகு கடிக்கும். பல் இல்லாவிட்டாலும் அலகு கூர்மையானது.

படி 5: தொடுதல்

இடுக்கியில் நிம்மதியாகச் சாப்பிடும் ஆமையின் ஓட்டை, பக்கவாட்டிலிருந்து ஒரு விரலால் மெல்லத் தொட்டுவிட்டு உடனே கையை எடுத்துவிடுங்கள். ஓடு வெறும் மூடி இல்லை, அதன் முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்து உருவானது. தொடுவது அதற்குத் தெரியும். தலையை இழுத்துக்கொண்டு புஸ்ஸென்று சத்தம் விட்டால், நுரையீரலில் இருந்து காற்று வெளியேறுகிறது என்று அர்த்தம். பயந்திருக்கிறது. அன்றைக்கு அத்துடன் விட்டுவிடுங்கள். கழுத்தை நீட்டியபடியே இருந்தால் சரி, நாளைக்கும் செய்யலாம். சில ஆமைகள் கடைசிவரை தொடவிடாது. அதை வற்புறுத்த வேண்டாம்.

படி 6: தூக்குவது, தேவைப்பட்டால் மட்டும்

தொட்டி கழுவ, உடம்பைச் சோதிக்க, மருத்துவரிடம் கொண்டுபோக. இதற்கு மேல் காரணம் தேவையில்லை. இரண்டு கைகளாலும் ஓட்டின் இரு பக்கமும், முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவில் பிடியுங்கள். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. அது கால்களை உதைக்கும், நகம் கீறும், கீறியதும் நம் கை தானாக விட்டுவிடும். அதனால் தரையில் உட்கார்ந்து, தரைக்கு மிக அருகிலேயே தூக்குங்கள். விழுந்தால் ஓடு பிளக்கும்.

ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் ஆமையிடமும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். அமெரிக்காவில் ஓடு 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்க 1975 முதல் தடை இருப்பதற்குக் காரணமே, சின்னப் பிள்ளைகள் அவற்றை வாயில் வைத்து நோய் வாங்கியதுதான். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதான தாத்தா பாட்டி ஆகியோர் தொடாமல் பார்த்து ரசிக்கட்டும். தொட்டிச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.

பழகிய ஆமை திடீரென்று விலகினால்

தினமும் ஓடி வந்த ஆமை வராமல் போனால் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் தண்ணீரையும் விளக்கையும் பாருங்கள். யூவிபி விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் சில மாதங்களில் அதன் வீரியம் குறையும். ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்தினால், மூக்கில் குமிழி வந்தால், வாயைத் திறந்து மூச்சு விட்டால், கண் வீங்கி மூடியிருந்தால் காத்திருக்காதீர்கள். எல்லா விலங்கு மருத்துவமனைகளிலும் ஆமை பார்க்க மாட்டார்கள், முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள்.

கொண்டுபோகும்போது பெட்டியில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். காற்றுத் துளையுள்ள பெட்டியில் ஈரத் துண்டு ஒன்றை விரித்து அதன் மேல் வையுங்கள். டாக்சியில் ஏறியதும் ஏர்கான் காற்று பெட்டி மேல் நேரே படாமல் திருப்பிவிடச் சொல்லுங்கள்.

வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தால் வேறு வீடு தேடுங்கள். மெக்ரிட்சி நீர்த்தேக்கத்திலோ பூமலை என்ற தாவரவியல் பூங்காவின் குளத்திலோ விடாதீர்கள், உயிர்களை விடுவிக்கும் வழக்கமுள்ள விசாக தினம் என்றாலும் கூடாது. அது சட்டப்படி குற்றம். மனிதர் கொடுத்த உணவிலேயே வளர்ந்த ஆமை அங்கே திண்டாடும். பிழைத்துக்கொண்டாலும் இந்த மண்ணின் ஆமைகளுக்கான இடத்தையும் இரையையும் பறித்துக்கொள்ளும்.